கல்லைச் சுற்ற வைத்தவள்

என் கடைக்கும் காந்தம்மாவின் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நான் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். அவள் காந்தத்தோடு குடித்தனம் நடத்துபவள். எலிக்குப் பக்கத்து வீட்டில் பூனை குடிவந்த கதைதான். அவள் கடை திறந்த முதல் வாரமே, சுவரோரம் நான் மாட்டி வைத்திருந்த கடிகாரங்கள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்தன. உள்ளே இருக்கும் மெல்லிய சுருளில் காந்தம் ஏறிவிட்டால் கடிகாரம் அப்படித்தான் தறிகெட்டு ஓடும். நான் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகச் சண்டைக்குப் போனேன்.

"அண்ணே, தப்பு என்மேலதான்" என்றாள். "ஆனா கடையை மாத்த மாட்டேன். வேணும்னா சுவரை மாத்தித் தர்றேன்."

மறுநாளே ஆள் கூட்டிவந்து, தன் பக்கத்துச் சுவர் முழுக்கக் கனமான இரும்புத் தகடு அடித்துவிட்டாள். காந்தத்தின் வால் அந்தத் தகட்டிலேயே சுருண்டுகொண்டது. என் கடிகாரங்களுக்குப் புத்தி தெளிந்தது. எனக்கும் ஒரு தங்கச்சி கிடைத்தாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. காந்தத்தையும் அம்மாவையும் ஒட்டித் தெரு வைத்த பெயர் காந்தம்மா. கேட்டால் நிஜப் பெயர் மாதிரியே இருக்கும். தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அவள் தொழில், கடைகளின் முகப்புக் கண்ணாடிக்குள் சாமான்களை நடக்க வைப்பது. கயிறு இருக்காது, கம்பி இருக்காது. கண்ணாடித் தட்டின்மேல் ஒரு ஜோடிச் செருப்பு தானாக நடந்துபோய்த் திரும்பி வரும். ஒரு வாசனைப் புட்டி மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தன் நாலு பக்கத்தையும் காட்டும். சாலையில் போகிறவன் நின்றுவிடுவான். நின்றவர்களில் பாதிப் பேராவது உள்ளே வருவார்கள். கடைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு செருப்புக் கடையில் விற்பனைக்கு நின்றாள். காலையிலிருந்து கடை மூடும்வரை நிற்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. எதிரே இருந்த கண்ணாடி முகப்பைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பிணவறை மாதிரி எல்லாச் செருப்பும் படுத்துக் கிடந்துச்சு அண்ணே" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

வீட்டில் கெட்டுப்போன ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதை உடைத்துக் காந்தத்தை எடுத்தாள். மைக்ரோவேவ் அடுப்புக்குள் தட்டைச் சுற்றுமே, அந்தச் சின்ன மோட்டார், பழைய சாமான் கடையில் கிடைத்தது. மோட்டாரில் ஒரு நீளக் கட்டையை மாட்டி, கட்டை நுனியில் காந்தத்தைக் கட்டி, முகப்பின் பலகைக்கு அடியில் வைத்தாள். பலகைக்கு மேலே ஒரு குழந்தைச் செருப்பு. அதன் வயிற்றுக்குள் ஓர் இரும்புத் துண்டு. காலையில் கடை திறந்ததும் செருப்பு வட்டமாக நடக்க ஆரம்பித்தது. மதியத்துக்குள் நடைபாதையில் நடக்க வழியில்லை.

முதலாளி வந்தார். "யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"யாரையும் கேக்கல சார். வெளிய நிக்கிறாங்களே, நீங்க அவங்களைக் கேளுங்க."

முதலாளி கேட்கவில்லை. பார்க்க வந்த வியாபாரிகளிடம் எல்லாம், யோசனை தன்னுடையது என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் காதில் விழுந்தது. சாயந்திரம் பையை எடுத்துக்கொண்டு அவர்முன் போய் நின்றாள். "யோசனை உங்களோடதுன்னா ரொம்ப நல்லது சார். மோட்டார் நின்னா நீங்களே ஓட்டிக்குங்க." அவ்வளவுதான். படி இறங்கியவள் திரும்பிப் பார்க்கவில்லை. சீக்கிரமே மோட்டார் நின்றது. அவர் ஆள் அனுப்பினார். அவள் போகவில்லை.

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனுஷன். கடை போடுகிறேன் என்று அவள் சொன்னதும், "சரி, என் சாவிக்கொத்தை மட்டும் உன் பக்கத்துல வைக்காதே" என்று சொன்னாராம். அதுதான் அவருடைய சம்மதம்.

ஆரம்பத்தில் அவளுடைய காந்தங்கள் மெல்லிய பலகையைத் தாண்டித்தான் இழுக்கும். பலகை கொஞ்சம் தடித்தால் செருப்பு பாதி வழியில் நின்று ஊமையாகிவிடும். இதை எப்படித் தாண்டுவது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயம், வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த ரப்பர் காந்தம் கீழே விழுந்தது. எடுத்து ஒட்டினாள், ஒட்டவில்லை. திருப்பினாள், ஒட்டியது. ஒரு பக்கம் பிடிக்கிறது, மறுபக்கம் பிடிக்கவில்லை! அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, குண்டூசியை வைத்து அந்த ரப்பரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். உள்ளே காந்தம் ஒரே திசையில் படுத்திருக்கவில்லை. அலை மாதிரி திரும்பித் திரும்பிப் போயிருந்தது.

அதையே பெரிதாகச் செய்தாள். ஒரு வட்டத் தட்டு. அதன் விளிம்பைச் சுற்றிக் காந்தக் கட்டிகள். ஒவ்வொரு கட்டியையும், அதற்கு முந்தின கட்டியைவிடக் கால்வாசி திருப்பிவைக்க வேண்டும். அப்படி வைத்தால் பலமெல்லாம் தட்டின் மேல்பக்கம் திரண்டுவிடும். கீழ்ப்பக்கம் பல் போன வாய்தான். சொல்வதற்குச் சுலபம். கட்டிகள் அந்த வரிசையில் நிற்க விரும்பாது. ஒன்றையொன்று உதைக்கும், துள்ளும், தலைகீழாகப் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அவள் இடதுகை ஆள்காட்டி விரலின் நுனி இரண்டு கட்டிகளுக்கு நடுவே சிக்கி நசுங்கியது. நகம் போனது, பிறகு கோணலாக முளைத்தது. "மாமியார் மருமகளை ஒரே அறையில வெச்சுப் பூட்டுற மாதிரி இருக்கு" என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, ஒவ்வொரு கட்டியையும் மரக்கட்டைக்குள் பிடித்து இறக்க ஓர் இடுக்கி செய்து கொடுத்தார்.

அந்தத் தட்டு சுற்றினால், மேலே அதற்கு ஜோடியாக வைத்த காந்தம் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே சுற்றும். நடுவில் தடித்த மரம் இருந்தாலும் சரி, கண்ணாடி இருந்தாலும் சரி, தண்ணீர் இருந்தாலும் சரி. தட்டு நின்றால் அது நிற்கும். தட்டு திசை மாறினால் அதுவும் மாறும்.

அவள் பெயர் பரவியது. அப்படிப் பரவிய பெயரைக் கேட்டுத்தான் அந்த ஆள் வந்தான்.

நல்ல சட்டை, மெதுவான பேச்சு. நான் அப்போது அவள் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்காட்சிக் கூடத்துக்காக வந்திருப்பதாகச் சொன்னான். தடித்த மரத்தில் ஒரு வட்ட மேசை வேண்டும். நடுவில் கண்ணாடிக் கிண்ணம், கிண்ணம் நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கறுப்புக் கல். கல் இடப்பக்கமும் சுற்ற வேண்டும், வலப்பக்கமும் சுற்ற வேண்டும். சத்தமே வரக்கூடாது. கம்பி தெரியக்கூடாது. இயக்குகிற பொத்தான் காலடியில் இருக்க வேண்டும்.

"காலடியில எதுக்கு?" என்று கேட்டாள்.

"விளக்கம் சொல்றவர் கையில வேற பொருள் வெச்சிருப்பார் மேடம்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு வேலையின் ஆசை யோசனையை விழுங்கிவிட்டது. கல்லைக் குடைந்து, உள்ளே காந்தம் பதித்து, தண்ணீர் புகாமல் பிசினால் அடைத்து, மெருகேற்றி, ஒட்டு எங்கே என்று அவளுக்கே தெரியாதபடி செய்தாள். கல்லின் அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி மணி. அதன்மேல் கல் பூப்போலச் சுற்றியது. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அண்ணே, இதுவரைக்கும் செஞ்சதுலேயே இதுதான் என் பிள்ளை" என்றாள். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மேசை வண்டியேறிப் போனது.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. அம்மா சீக்கிரம் போய்விட்டதால், அக்காதான் தலை வாரிவிட்டு வளர்த்தவள். துணிக்கடையில் தையல் பிரிவில் வேலை. சர்க்கரை நோய் முற்றி, தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள். மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தம்மா அக்கா வீட்டுக்குப் போனபோது, குளிர்பெட்டியில் மருந்து வைக்கும் இடம் காலியாக இருந்தது.

"ஊசி எங்கேக்கா?"

"அதெல்லாம் விட்டாச்சு" என்றாள் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. "எனக்குச் சரியாயிடுச்சுடி. கல்லே சொல்லிடுச்சு."

"எந்தக் கல்லு?"

அக்கா விவரமாகச் சொன்னாள். ஊருக்கு வெளியே ஒரு கூடத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம். மருந்து தரமாட்டார், தொடக்கூட மாட்டார். நோயாளி எதிரே உட்கார்ந்தால், தண்ணீருக்குள் இருக்கும் கறுப்புக் கல் தானாகச் சுற்றும். நோய் இருந்தால் இடப்பக்கம். நோய் போய்விட்டால் வலப்பக்கம். அக்காவுக்கு முதலில் இடப்பக்கம் சுற்றியதாம். பல வாரம் போய்ப் போய், கடைசியில் வலப்பக்கம் சுற்றிவிட்டதாம்.

"வட்ட மேசையா அக்கா?"

"ஆமா. நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கியாவா? அதைச் செஞ்சதே நான்தான்!"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு எதைப் பாத்தாலும் காந்தம்தான். சூரியன் சுத்துறதுகூட நீ மோட்டார் மாட்டினதாலதான்னு சொல்லுவ."

"அக்கா, அவர் காலுக்குக் கீழே பொத்தான் இருக்கு. அதை அழுத்தினா சுத்தும்!"

"எனக்கு உடம்பு நல்லாயிருச்சுன்னா உனக்கு ஏன்டி வயிறெரியுது?"

அந்த வார்த்தையை அவள் என்னிடம் சொல்லும்போது குரல் உடைந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேசைமேல் இருந்த குண்டூசிப் பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டாள். "அண்ணே, அடுத்த ஞாயிறு நீங்களும் வரணும். எனக்கு ஒரு சாட்சி வேணும்" என்றாள்.

போனோம். அவள், அக்கா, நான். தன்னை நம்பிப் பார்க்க வருவதாக நினைத்து அக்காவுக்கு ஒரே சந்தோஷம். போகும் வழியெல்லாம் எங்களுக்கு எப்படி உட்கார வேண்டும், என்ன பேசக்கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

கூடம் நிறையப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லா நாற்காலியிலும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு வலியோடு. மூச்சு வாங்குகிற ஒரு பெரியவர், வயிற்றைப் பிடித்துக்கொண்ட ஒரு பெண், மடியில் சுருண்டு கிடந்த ஒரு குழந்தை. அவர்களைப் பார்க்கப் பார்க்கக் காந்தம்மாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. முன்னால், தரையோடு முடுக்கப்பட்டிருந்தது அவள் செய்த மேசை. சுற்றிலும் தரைவரை தொங்கும் துணி. "என் பிள்ளையைத் திருட்டு வேலைக்கு விட்டிருக்காங்க" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

வைத்தியர் பார்க்கச் சாந்தமான மனிதர். கோபமே வராது போலிருந்தது. காந்தம்மாவின் முறை வந்தது. எதிரே போய் உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடினார். கல் இடப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது. "உங்க மனசுல ஒரு கட்டி இருக்கும்மா" என்றார்.

"கட்டி இந்த மேசைக்குள்ள இருக்கு" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே குண்டூசிப் பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள்.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அத்தனை குண்டூசியும் சடசடவென்று எழுந்து நின்றன. நின்றவை குட்டிக்கரணம் போட்டன. கிண்ணத்தைச் சுற்றி எறும்புக் கூட்டம் மாதிரி ஊர்ந்தன, விழுந்தன, மறுபடி எழுந்தன. கூடமே எழுந்து நின்றது.

"நல்லாப் பாருங்க!" என்று கத்தினாள். "இதுக்கு அடியில மோட்டார் இருக்கு. சுத்துற தட்டு இருக்கு. தட்டு நிறையக் காந்தம் இருக்கு. செஞ்சது நான். இந்தத் துணியைத் தூக்கிப் பாருங்க!"

நான் நினைத்தேன், முடிந்தது கதை, வைத்தியர் மாட்டிக்கொண்டார் என்று.

அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். ஊசிகளைப் பார்த்தார். அவர் முகத்திலேயே ஆச்சரியம் வந்தது. நடிப்பென்றால் மகா நடிப்பு. "பாத்தீங்களா" என்றார், எல்லோரையும் பார்த்து. "உயிரில்லாத ஊசியே எழுந்து நிக்குது. கல்லோட சக்தி இவ்வளவுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

கூடம் 'ஆ' என்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தாள். "ஐயா, அந்த ஊசியில எனக்கு ஒண்ணு தருவீங்களா?"

காந்தம்மா குனிந்து துணியைப் பிடித்து இழுக்கப் போனாள். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன், கடைக்கு வந்த அந்த நல்ல சட்டைக்காரன். எங்களை வாசல்வரை கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா வெளியே வரவில்லை. உள்ளே நின்று, தங்கச்சிக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கூடத்தில் குண்டூசி விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்டு என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் வீட்டுக்காரர் கடை வாசலில் பேருந்துச் சீருடையோடு நின்றிருந்தார். "விட்டுடும்மா" என்றார். "செவிடன் காதுல சங்கு ஊதி என்ன ஆகப்போகுது?"

"காதுக்குள்ள ஊதினாத்தானே தப்பு" என்றாள். "நான் கண்ணுல காட்டப் போறேன். அவங்க இடத்துல போய்க் காட்டினதுதான் நான் பண்ண முட்டாள்தனம். அங்க எதைக் காட்டினாலும் அது அவரோட வித்தை ஆயிடும். என் இடத்துல காட்டுறேன்."

அப்படியே மறுபடியும் அதே மேசையைச் செய்தாள். அதே வட்டம், அதே கிண்ணம், அதே மாதிரிக் கறுப்புக் கல். ஒரே ஒரு வித்தியாசம். மேசையின் மேல்பலகை கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக். அடியில் சுற்றும் தட்டு, காந்தக் கட்டிகள், மோட்டார், கம்பி, எல்லாம் பட்டப்பகல் போலத் தெரிந்தன. காந்தங்களின் இரண்டு முனைகளுக்கும் சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசினாள். பக்கத்தில் இன்னொரு கறுப்புக் கல்லை இரண்டாக அறுத்து, உள்ளே இருக்கும் காந்தம் தெரியும்படி வைத்தாள். மேசையைக் கடை முகப்பில் வைத்து, சுவரில் துளையிட்டு, காலால் மிதிக்கும் இரண்டு பொத்தான்களை வெளியே நடைபாதையில் பொருத்தினாள். மேலே ஒரு பலகை: "இந்தக் கல்லை நீங்களே சுற்றலாம். இடப்பக்கம் ஒரு மிதி. வலப்பக்கம் ஒரு மிதி. நோய் இருந்தால் டாக்டரிடம் போங்கள்."

தெருவுக்குக் கொண்டாட்டம். காய்கறிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு மிதித்தார். பள்ளிப் பிள்ளைகள் வரிசை கட்டி மிதித்தார்கள். தபால்காரர் தினமும் வந்து வலப்பக்கம் மிதித்துவிட்டு, "இன்னிக்கு எனக்கு ஒரு நோயும் இல்ல" என்று அறிவித்துவிட்டுப் போவார்.

செய்தி கூடத்துக்கும் போனது. நல்ல சட்டைக்காரன் வந்தான். இந்தத் தடவையும் பேச்சு மெதுவாகத்தான் இருந்தது, மென்மை இல்லை.

"செஞ்சு கொடுத்ததை நீங்களே காட்டிக்கொடுக்குறீங்களே மேடம், இது தொழில் தர்மமா?"

"கண்காட்சிக் கூடத்துக்குன்னு சொல்லித்தானே வாங்கிட்டுப் போனீங்க?" என்றாள். "நான் இப்ப கண்காட்சிதான் வெச்சிருக்கேன். உங்க ஆசையை நான் நிறைவேத்துறேன். வந்ததுக்கு ஒரு மிதி மிதிச்சிட்டுப் போங்க."

"நிறையப் பேர் மனசு புண்படுது. அவங்க ஏதாவது செஞ்சா நாங்க பொறுப்பில்லை."

"கல்லுதானே எல்லாத்துக்கும் பொறுப்பு உங்க ஊர்ல? எறியறதும் கல்லாவே இருக்கட்டும்."

எறிந்தார்கள். காலையில் நான் கடை திறக்க வந்தபோது நடைபாதை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. மேசை கவிழ்ந்து கிடந்தது. சிதறிய காந்தக் கட்டிகள் கடையின் இரும்புக் கதவில் போய் அப்பியிருந்தன, சுவரில் பல்லிகள் மாதிரி. அவள் வந்தாள், பார்த்தாள், துடைப்பத்தை எடுத்தாள். யாரையும் திட்டவில்லை. மதியம் புதுக் கண்ணாடி வந்தது. சாயந்திரம் கல் சுற்றியது.

மறுபடியும் உடைத்தார்கள். மறுபடியும் மாட்டினாள். கண்ணாடிக் கடைக்காரர், "அம்மா, பேசாம உங்க கடை அளவை என் கடைச் சுவர்லயே எழுதி வெச்சிடறேன்" என்றார். ஆனால் அவளோடு தொழில் செய்துவந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். வைத்தியரின் ஆட்கள் அங்கெல்லாம் போய்ப் பேசியிருந்தார்கள். "எங்களுக்கு எதுக்கும்மா வம்பு" என்று அவள் செய்த செருப்பையும் புட்டியையும் நிறுத்தி வைத்தார்கள். கடையில் வேலை குறைந்தது. வீட்டுக்காரர் கூடுதல் நேரம் பேருந்து ஓட்டினார். நான்கூட ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன், "கொஞ்ச நாளைக்கு மேசையை உள்ளே எடுத்து வையேன், ஆற விடேன்" என்று.

"எதை ஆற விடணும் அண்ணே? எங்க அக்கா கால்ல இருக்கிற புண்ணையா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. அக்காவின் வலது காலில் ஒரு புண் வந்திருந்தது. ஊசியை நிறுத்தியதிலிருந்து சர்க்கரை ஏறி, காலில் உணர்ச்சி செத்து, தையல் இயந்திரத்து மிதியில் உரசியது தெரியாமலே புண் ஆழப்பட்டுவிட்டது. கல் இன்னமும் வலப்பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் துணிக்கடையிலேயே மயங்கி விழுந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

காந்தம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு தடவை என் முன்னால் வந்து நின்றாள். "அந்தக் கல்லை அவ்வளவு அழகா மெருகேத்தினேன் அண்ணே. ஒட்டுத் தெரியக்கூடாதுன்னு. ஒட்டுத் தெரிஞ்சிருந்தா அக்கா கண்டுபிடிச்சிருப்பா. அவ தையல்காரி."

அக்கா வாயால் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே, "நான் மனசைச் சுத்தமா வெச்சுக்கலை, அதான் கல்லு என்னைக் கைவிட்டுடுச்சு" என்றாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். ஊசியை மட்டும் விடவில்லை. வேளை தவறாமல் தானே நின்று போட வைத்தாள். சண்டையும் நடந்தது, ஊசியும் நடந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, ஊன்றுகோல் பழகின பிறகு, ஒரு பகலில் அக்கா தனியாகத் தெருவுக்கு வந்தாள். காந்தம்மா உள்ளே ஏதோ வேலையாக இருந்தாள். நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கண்ணாடி முன்னால் நின்றாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலால் வலப்பக்க மிதியை அழுத்தினாள். தட்டு சுற்றியது, கல் வலப்பக்கம் சுற்றியது. காலை எடுத்தாள், கல் நின்றது. இடப்பக்கம் அழுத்தினாள். மறுபடி வலது. மறுபடி இடது. எவ்வளவு நேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாளோ, காய்கறிக்காரர்கூட வண்டியைத் தள்ளாமல் நின்றுவிட்டார். பிறகு அறுத்து வைத்திருந்த கல்லை, தையலைப் பார்க்கிற மாதிரி, கண்ணாடியில் மூக்கு படுமளவு குனிந்து பார்த்தாள்.

காந்தம்மா வாசலுக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இந்த மிதி ரொம்ப இறுக்கமா இருக்குடி" என்றாள் அக்கா. "வயசானவங்க எப்படி அழுத்துவாங்க?"

"சரி செஞ்சிடறேன்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. மறுவாரத்திலிருந்து அக்கா கடைக்கு வர ஆரம்பித்தாள். முகப்பில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நின்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கட்டுப்போட்ட காலை நீட்டிக் காட்டி, "எனக்கு வலப்பக்கம் சுத்திச்சு, பாருங்க லட்சணத்தை" என்பாள். அவள் வாய்க்கு முன்னால் எந்தப் பலகையும் நிற்கவில்லை. கூடத்திலிருந்து சிலர் கோபத்தோடு வந்து, அவள் காலைப் பார்த்து, பேசாமல் திரும்பிப் போனார்கள். சிலர் அவளிடமே உட்கார்ந்து எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தார்கள். துணிக்கடைக்காரர்தான் முதலில் திரும்பி வந்தார்: "எங்க முகப்புல ஒரு சட்டை கையை ஆட்டணும், முடியுமா?" ஒருவர் வந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. கண்ணாடி உடைவது நின்றது.

வைத்தியர் ஒழிந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஒழியவில்லை. கூட்டம் குறைந்தது, கூடம் ஊரின் மறுகோடிக்கு இடம் மாறியது. போன மாதம் கண்ணாடிக் கடைக்காரர் புதுச் செய்தி கொண்டுவந்தார். வைத்தியரிடம் இப்போது வேறு கல்லாம். மேசையைத் தொடாமல், தண்ணீர்கூட இல்லாமல், வெறும் காற்றில் மிதக்கிறதாம்.

எல்லோரும் காந்தம்மாவைப் பார்த்தோம். அவள் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு உயரம்?"

"ஒரு விரல்கடை இருக்கும்னு சொல்றாங்க."

"சரி" என்றாள். அன்றைக்கே வேகமான ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து மேசைக்கு மேலே ஒரு சட்டத்தில் தலைகீழாக முடுக்கினாள். அதன் நுனியில் காந்தத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றவிட்டு, பக்கத்தில் இன்னொரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோனாள். அது தெறித்துக் கூரையில் அடித்தது. ஜன்னல் வழியாக வெளியே போனது. ஒன்று என் கடைப் பக்கத்து இரும்புத் தகட்டில் வந்து 'டங்' என்று உட்கார்ந்தது. அக்கா தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல வாரம் இந்தக் கூத்து நடந்தது. சாய்மானத்தைக் கொஞ்சம் மாற்றுவாள், வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவாள். ஒரு நாள் மத்தியானம், சின்னக் காந்தம் தெறிக்கவில்லை. சுற்றும் காந்தத்துக்கு அடியில், எதையும் தொடாமல், நடுங்கிக்கொண்டே அந்தரத்தில் நின்றது. அவள் மூச்சே விடவில்லை. அடியில் ஒரு காகிதத்தைக் குறுக்கே விட்டு எடுத்தாள். நின்றது நின்றபடியே இருந்தது.

அதுவும் முகப்புக்கு வந்துவிட்டது, மோட்டாரும் காந்தமும் வெட்டவெளிச்சமாக. நேற்று ஓர் இளைஞன் வந்து ரொம்ப நேரம் பார்த்தான். சட்டைப்பையில் கூடத்தில் விற்கிற குண்டூசி ஒன்றைக் குத்தியிருந்தான். "இது வேற, அது வேற" என்றான்.

"இருக்கலாம் தம்பி" என்றாள் காந்தம்மா. "அங்க போய் மேசைக்குக் கீழே குனிஞ்சு பாக்கணும்னு கேளுங்க. விட மாட்டாங்க. இங்க யார் வேணும்னாலும் குனியலாம்."

பிசின் காய்ந்துவிடும் என்று அவள் உள்ளே போய்விட்டாள். இளைஞன் அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு நடைபாதையில் மண்டியிட்டுக் குனிந்தான்.